ஆதிப் பிளேட்டும் மறு அச்சும்

(திருவெள்ளறையில் இளைஞர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நான் இன்று பேசவேண்டிய விஷயம் "பழைய பங்க் பிளேட்டின் மறு அச்சு" என்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "துறையூர் ரோட்டில் பெட்ரோல் பங்க் வைக்கப் போகிறார்களா?" என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை. நமக்குப் பங்க் என்றால் அதுதான். இன்னொருவர், "மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசுகிற உமக்கு அமெரிக்காக்காரன் பாட்டுப் பிளேட்டில் என்ன ஜோலி?" என்று கேட்டார். அது கேட்கவேண்டிய கேள்விதான். மூடநம்பிக்கை என்பது கோயிலுக்குள் மாத்திரம் குடியிருக்கிற சரக்கல்ல என்பதுதான் என் பதில். கல்லை விட்டு வந்தவன் கடுதாசியைக் கும்பிடுவான். கடுதாசியை விட்டவன் பிளேட்டைக் கும்பிடுவான். கும்பிடுகிற புத்தி போகாதவரையில் கும்பிடப்படுகிற பொருள் மாறுமே ஒழிய வேறொன்றும் மாறாது. அதைக் காட்டவே இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

முதலாவது, பங்க் என்றால் என்ன? 1970-களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாலிபர்கள் ஆரம்பித்த ஒருவகைப் பாட்டு. அதைப் பாட வித்வான் பட்டம் வேண்டாம். குருகுலவாசம் வேண்டாம். கிட்டாரில் இரண்டு மூன்று பிடி தெரிந்தால் போதும்; மனதில் இருக்கிறதைக் கத்திச் சொல்லத் தைரியம் இருந்தால் போதும். அதையே இன்னும் வேகமாகவும் கடுமையாகவும் பாடினதற்கு "ஹார்ட்கோர் பங்க்" என்று பெயர். அமெரிக்கத் தலைநகரமான வாஷிங்டனில் இந்த வேகத்துக்கு வழிகாட்டியவர்கள் யார் தெரியுமா? "பேட் பிரெயின்ஸ்" என்ற கறுப்பு இளைஞர் கூட்டம். வெள்ளைக்காரப் பையன்கள் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். எவனிடம் வித்தை இருக்கிறதோ அவனிடம் கற்றுக்கொள்ளுவதுதான் அறிவு. பிறப்பைக் கேட்டுவிட்டுக் கற்றுக்கொள்ளுவது அறிவல்ல.

அந்த ஊரில் "டீன் ஐடில்ஸ்" என்ற பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிலர் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒரு வருஷகாலம் பாடிவிட்டு 1980-இல் கலைந்துபோனார்கள். கச்சேரிகளில் சேர்ந்த பணம் சுமார் 600 டாலர் பொதுவில் இருந்தது. நம் ஊராயிருந்தால் பாகம் பிரிப்பதில் சண்டை வந்து, கேசு மணச்சநல்லூருக்குப் போயிருக்கும். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், அந்தப் பணத்தைப் போட்டுத் தாங்கள் பாடியதை ஒரு சிறு பிளேட்டாக 1,000 பிரதி அடித்தார்கள். எந்தக் கம்பெனிக்காரன் வாசலிலும் போய் நிற்கவில்லை. இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் முதலிய தோழர்கள் தாங்களே ஒரு கம்பெனி வைத்து, அதற்கு "அபஸ்வரம்" என்று பொருள்படும்படியாக "டிஸ்கார்ட்" என்று பெயரிட்டார்கள். பிளேட்டுக்கு உறை வேண்டுமே! கடையில் விற்ற ஒரு பிளேட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் காகிதத்தைக் கத்திரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஆயிரம் உறையும் கைவேலை. நம் தோழர்கள் ராத்திரி உட்கார்ந்து துண்டுப் பிரசுரம் மடித்து ஒட்டுகிறதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிறகு அதே மெக்கேயும் நெல்சனும் வேறு இரண்டு தோழர்களோடு சேர்ந்து "மைனர் த்ரெட்" என்ற குழுவை அமைத்தார்கள். 1981-இல் வந்த அவர்களுடைய முதல் பிளேட்டில் 8 பாட்டு. அதில் ஒரு பாட்டு 46 விநாடி. நம் சபாக்களில் வித்வான் தொண்டையைக் கனைத்துச் சுருதி சேர்ப்பதற்குள் அந்தப் பாட்டு முடிந்துபோகும்! அதற்குள் அவர் சொன்னது என்ன? சாராயமும் போதை மருந்தும் இல்லாமல் தெளிந்த புத்தியோடு வாழ என்னால் முடியும் என்பதுதான் சாரம். குடித்தால்தான் வாலிபம் என்று நினைத்த கூட்டத்தின் நடுவில் நின்று அதைச் சொன்னார். குடிக்கும் வயது வராத பையன்களுக்குக் கடைக்காரன் சாராயம் ஊற்றாமல் இருப்பதற்காகக் கையில் மையினால் பெருக்கல் குறி போடுவது அங்கே உண்டு. அடையாளத்துக்காகப் போட்ட அந்தக் குறியையே இந்தப் பையன்கள் பெருமையாக்கிக்கொண்டார்கள். இதுவரைக்கும் நமக்குச் சந்தோஷமான சங்கதிதான்.

இனிப் பிளேட்டுக்கு வருவோம். இதைச் சிலர் ஏதோ தெய்வீகப் பொருள்போலத் தொடுகிறார்கள். அது என்னவென்று பார்த்துவிட்டால் மயக்கம் போய்விடும். நம் பாட்டன் காலத்துப் பிளேட் அரக்கினால் ஆனது. புரசு, இலந்தை முதலிய மரங்களில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி விடுகிற பிசின்தான் அரக்கு. சோட்டா நாகபுரிப் பக்கத்துக் காட்டுமக்கள் அதைச் சுரண்டிச் சேர்த்தார்கள். கிராமபோன் கம்பெனி 1902-இல் கல்கத்தாவில் வந்து பாட்டுப் பதிவு செய்தது. பாட்டும் இந்த நாட்டுப் பாட்டு. அரக்கும் இந்த நாட்டு அரக்கு. ஆனால் பிளேட் அடிப்பது மாத்திரம் ஜெர்மனியில்! அங்கிருந்து கப்பலில் திரும்பிவந்து நமக்கே விலையாயிற்று. 1908-இல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை வந்தது.

அதற்குப் பிறகு 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா கம்பெனி, நிமிஷத்துக்கு 33 சுற்றுச் சுற்றும் நீண்ட நேரப் பிளேட்டை வெளியிட்டது. அதற்கு வினைல் என்று பெயர். வினைல் என்றால் பயந்துவிடாதீர்கள். நம் வயல் மோட்டாருக்குப் போடுகிறோமே பி.வி.சி. குழாய், அந்தக் குழாய் எந்தச் சரக்கோ இதுவும் அதே ஜாதிச் சரக்கு. பாட்டின் அதிர்வை ஒரு ஊசி மெழுகு போன்ற தட்டில் நெளிநெளியாகக் கீறுகிறது. அந்தத் தட்டின்மேல் வெள்ளி பூசி, மின்சாரத்தால் நிக்கல் படியவைத்து, உரித்தெடுக்கிறார்கள். அது அப்பன் தட்டு. அதிலிருந்து தாய்த் தட்டு. தாய்த் தட்டிலிருந்து அச்சுத் தட்டு. அந்த அச்சைக்கொண்டு, இட்லித் தட்டில் மாவு வைப்பதுபோலச் சூடான வினைலை வைத்து அழுத்தினால் பிளேட். ஆயிரம் சொச்சம் அடித்தால் அச்சுத் தேய்ந்துபோகும். வேறு அச்சு எடுப்பார்கள்.

ஆகவே தோழர்களே, முதல் அச்சில் வந்த பிளேட் என்பதும் நகல்தான். பத்தாவது அச்சில் வந்ததும் நகல்தான். இதில் மூலவர் எது, உற்சவர் எது? பாடினவன் தொண்டையிலிருந்து வந்த காற்று அன்றைக்கே போய்விட்டது. மிச்சமெல்லாம் பிரதி.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லுவது சுலபம். "சீரங்கத்துக்கு முந்தியது எங்கள் கோயில், ஆதி திருவெள்ளறை" என்று நீங்கள் பெருமை பேசுகிறதை நான் கேட்டிருக்கிறேன். முந்தி இருக்கட்டும், பிந்தி இருக்கட்டும். முந்தியதால் உங்கள் ஊரில் எவனுக்காவது ஒரு படி அரிசி கூடுதலாகக் கிடைத்ததா? உங்கள் ஊரில் உண்மையிலேயே பெருமைப்படத்தக்க பழம்பொருள் ஒன்று உண்டு. அதுதான் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவ தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்து விசையநல்லூழான் தம்பி கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. நாலு பக்கமும் படி வைத்து, நாலு திக்கிலிருந்து வருகிறவர்களும் இறங்கித் தண்ணீர் எடுக்கும்படி அமைத்தார். அதன் பெருமை அது பழையது என்பதா, தண்ணீர் கொடுத்தது என்பதா? பழமை என்றால் அந்தக் கிணறு வெட்டின பாறை அதைவிடப் பழமையாயிற்றே!

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பிளேட்டைப் பாருங்கள். டிஸ்கார்டுத் தோழர்கள் ஆயிரம், இரண்டாயிரம் என்று அடித்த சிறு பிளேட்டுகள் தீர்ந்துபோயின. கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 1984-இல் அவர்கள் என்ன செய்தார்கள்? நாலு பழைய ஏழங்குலப் பிளேட்டுகளின் பாட்டுகளை ஒரே பன்னிரண்டங்குலப் பிளேட்டில் சேர்த்து அடித்தார்கள். அதற்கு வைத்த பெயரும் அதுவேதான்: "பன்னிரண்டங்குலத்தில் நாலு பழைய ஏழங்குலம்"! அரிசி மூட்டைமேல் எடை எழுதுகிறதுபோல எழுதினார்கள். "அபூர்வப் பொக்கிஷம்" என்றோ "அருட்கொடை" என்றோ எழுதவில்லை. மெக்கே பின்னால் நடத்திய "ஃபுகாஸி" குழுவின் பிளேட்டுகளில், தபால் செலவு உட்பட இன்ன விலை என்று உறையிலேயே அச்சடித்தார்கள், கடைக்காரன் ஏழை வாலிபனிடம் கூடுதலாகப் பிடுங்கக்கூடாது என்பதற்காக. மறு அச்சு என்றால் இதுவல்லவா மறு அச்சு!

இதற்கு நேர் விரோதமான மறு அச்சும் உண்டு. இன்று வினைலுக்கு மறுபடியும் கிராக்கி வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2022-ஆம் வருஷத்தில் சி.டி.யைவிட வினைல் பிளேட் அதிகமாக விற்றது. வினைல் 4 கோடியே 10 லட்சம், சி.டி. 3 கோடியே 30 லட்சம். உடனே வியாபாரி என்ன செய்கிறான்? ஒரே பாட்டைச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலர் கலராக அடித்து, "500 பிரதிதான், நம்பர் போட்டது" என்று விளம்பரம் செய்கிறான். அடிக்க முடியாமல் 500-ஓடு நிறுத்தினானா? இல்லை. விலை ஏறுவதற்காக நிறுத்தினான். வாங்கினவனோ, உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறான். பிரித்தால் விலை குறைந்துவிடுமாம். கேட்பதற்காகச் செய்த பிளேட்டைக் கேட்காமல் வைத்திருப்பது பக்தி அல்லாமல் வேறு என்ன? பையன்கள் பசை தடவி ஒட்டின அந்த முதல் ஆயிரத்தில் ஒரு பிரதி இன்று நூற்றுக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. அந்தப் பணத்தில் பாடினவனுக்கு ஒரு காசு போகாது.

"அப்படியானால் பழைய பிளேட்டைக் குப்பையில் போடச் சொல்லுகிறாயா?" என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. எந்த வருஷம் எப்படிச் செய்தார்கள் என்பதற்கு அது சாட்சி. தேயாத அச்சில் அடித்ததில் சில சமயம் ஓசையும் தெளிவாக இருக்கும். சாட்சியைப் பத்திரமாக வைக்கவேண்டியதுதான். பொதுவான இடத்தில், எல்லோரும் பார்க்கும்படியாக வைக்கவேண்டும். சாட்சியை வைத்துக்கொள்ளுவது ஆராய்ச்சி. சாட்சிக்குத் தீபாராதனை காட்டுவது மடமை.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று கேளுங்கள். "குடிக்காமல் இருக்க என்னால் முடியும்" என்று ஒருவர் தன் சுயபுத்தியால் 46 விநாடி சொன்னார் அல்லவா? அதைக் கேட்டவர்கள் "ஸ்ட்ரெய்ட் எட்ஜ்" என்ற அந்தப் பாட்டின் பெயரையே ஒரு மார்க்கத்தின் பெயராக்கினார்கள். இது செய்யலாம், இது செய்யக்கூடாது என்று விதி வகுத்தார்கள். கையில் போட்ட மைக்குறி நாமம்போலவும் விபூதிபோலவும் ஆயிற்று. 1990-களில் சால்ட் லேக் சிட்டி என்ற ஊரில், குடிக்கிறவன், புகைக்கிறவன் என்று சொல்லி மற்றவர்களை அடிக்கிறவர்களும் அதற்குள்ளே கிளம்பினார்கள். பாடினவரோ, "நான் என் சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சொன்னேன்; ஒரு கூட்டத்துக்கு விதி எழுதவில்லை" என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். யார் கேட்கிறார்கள்? சுயபுத்தியோடு இரு என்று சொன்னவன் வார்த்தையையே சுயபுத்தி இல்லாமல் பின்பற்றுவதற்கு உலகத்தில் ஆள் குறைவில்லை.

இதை அமெரிக்காக்காரனுக்கு மாத்திரம் சொல்லுவதாக நினைக்காதீர்கள். நமக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். நம் இயக்கத்தில் 80, 90 வருஷத்துக்கு முன் பேசின பேச்சும் எழுதின எழுத்தும் இன்று மறுபடியும் அச்சாகின்றன. சந்தோஷம். அதை வாங்கி மாலை போட்டு வைக்கிறவன் நம்மவன் அல்ல. படித்து, இது இன்றைக்குச் சரி, இது அன்றைக்கு மாத்திரம் சரி என்று தர்க்கம் செய்கிறவன்தான் நம்மவன்.

சரி, மறு அச்சினால் என்ன பிரயோஜனம்? நம் நாட்டிலிருந்தே சொல்லுகிறேன். செங்கோட்டைக் கிட்டப்பா நாடகமேடையில் பாடினால் ஊரே திரளும் என்பார்கள். 1933-இல், 27 வயதில் இறந்துபோனார். ஒரு பேசும் படத்தில்கூட நடிக்கவில்லை. கொலம்பியாப் பிளேட்டுகள் இல்லாவிட்டால் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று இன்றைக்கு ஒருவனுக்கும் தெரியாது. அரக்குப் பிளேட் உடையும், தேயும். பிற்காலத்தில் நாடாவில் ஏற்றியதால்தான் பிளேட் பெட்டி இல்லாத வீட்டிலும் அந்தக் குரல் கேட்டது.

இன்னொன்று: அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அதன் பெயரே "ஒரு பைசாத் தமிழன்." அந்த வாஷிங்டன்காரர்கள் உறையில் விலை போடுவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னமே, நம் பண்டிதர் விலையைப் பெயரிலேயே போட்டுவிட்டார்! 1914-இல் அவர் இறந்தார். அவருடைய எழுத்து வெகுகாலம் பொதுஜனங்கள் கைக்கு வராமல் கிடந்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும் அச்சில் வந்த பிறகுதான் இந்தத் தலைமுறை அதைத் தாராளமாகப் படிக்க ஆரம்பித்தது. 2018 ஜனவரியில் சென்னையில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற 19 பேர் கொண்ட பாட்டுக் குழு மேடையேறியது. கானாவும், பறையும், மேல்நாட்டு வாத்தியமும் சேர்த்துச் சாதிக் கொடுமையைப் பாடினார்கள். அந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள்? "சாதி பேதமற்ற" என்று பண்டிதர் எழுதின சொல்லிலிருந்து! நூறு வருஷத்துக்கு முன் ஒரு பைசாவுக்கு விற்ற சொல், மேடையில் முழங்குகிறது. பழைய எழுத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துப் பூசை செய்திருந்தால் இது நடக்குமா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மறுபடி அச்சிடுவது வேறு, திருடுவது வேறு. 2005-இல் நைக்கி என்ற செருப்புக் கம்பெனி, மைனர் த்ரெட் பிளேட்டின் உறைப்படத்தைப்போலவே ஒரு விளம்பரத் தாள் போட்டது. தலையைக் கவிழ்த்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பையன் படம். அந்தப் படத்தில் தங்கள் செருப்பைக் காட்டினார்கள். "மைனர்" என்பதை "மேஜர்" என்று மாற்றினார்கள். அனுமதி கேட்கவில்லை. கூச்சல் எழுந்த பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். உலகப் பெரிய கம்பெனி, ஒட்டுறை ஒட்டின பையன்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது ஏன்? அந்தப் பிளேட் யாருடையது, யார் பாடினது, எந்த வருஷம் என்று பெயரோடு இருந்தது. பெயர் இருந்ததால் கேட்க முடிந்தது.

நம் ஊர்ப் பாட்டுக்குப் பெயர் இருக்கிறதா? இந்தத் திருவெள்ளறை வயலில் நடவு நட்ட பெண்கள் பாடினதை யார் எழுதி வைத்தார்கள்? இப்போது நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் வரட்டும்; இடுப்பு வலி போகட்டும்; அதற்காக நான் அழமாட்டேன். ஆனால் பாட்டும் சேர்ந்து போகிறதே! ஒப்பாரி சொல்லுகிற கிழவிக்கு 80 வயது. பறையில் எத்தனையோ அடி தெரிந்தவர் சேரியில் இருக்கிறார். சாவுக்கு அடிக்கிறவர் என்று சொல்லி ஊர் அவரைத் தள்ளி வைத்தது. அவர் வித்தைக்கு ஒரு சபாவும் பிளேட் போடவில்லை. கோயில் வாசலில் பாடினது பிளேட்டில் ஏறிற்று. சேரி வாசலில் பாடினது காற்றோடு போயிற்று. நாளைக்கு எவனோ சினிமாக்காரன் வந்து அந்த மெட்டை எடுத்துக்கொண்டு தன் பெயரைப் போட்டால், "இது எங்கள் பாட்டி பாட்டு" என்று சொல்ல உங்களிடம் என்ன சாட்சி இருக்கிறது?

ஆகையால் வாலிபத் தோழர்களை நான் கேட்டுக்கொள்ளுவது இதுதான். அன்று அந்தப் பையன்களுக்கு 600 டாலர் தேவைப்பட்டது. உங்களுக்கு அதுவும் வேண்டாம். ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போங்கள். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், பாடினவர் பெயர், ஊர், தெரு, தேதி, எந்த வேலைக்குப் பாடின பாட்டு, யாரிடம் கற்றது ஆகிய எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதியுங்கள். ஒரே பிரதி வைக்காதீர்கள். நாலு இடத்தில் வையுங்கள். ஒன்று வாசகசாலையில் இருக்கட்டும். ஒன்று பாடினவர் வீட்டிலேயே இருக்கட்டும். விற்றுக் காசு வந்தால் முதல் பங்கு பாடினவருக்கு. பாட்டில் மூடத்தனம் இருந்தால் அதையும் வெட்டாமல் பதியுங்கள். வெட்டினால் அது சாட்சி அல்ல, நம் புளுகு. பதிந்தபிறகு, இது தப்பு என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

முக்கியமாக, பதிந்ததைப் பெட்டியில் பூட்டி, "எங்கள் ஊர் ஆதிப் பாட்டு" என்று கற்பூரம் காட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். அதைக் கேட்கிற பிள்ளை தன் காலத்துக்கு, தன் கோபத்துக்கு, தன் அறிவுக்குத் தகுந்தபடி புதிதாக ஒன்று பாடவேண்டும். அதற்குத்தான் பழையது. விதைநெல்லை மூட்டையிலேயே வைத்துக் கும்பிட்டால் அது எலிக்குத்தான் ஆகும். வயலில் போட்டால்தான் நமக்குச் சோறு.

 நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடவேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் செய்யுங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.